வலது கீல்

மார்ச் 4

அக்காவுக்கு,

நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. போன வருஷம் ஜனவரியிலிருந்தே எடுப்பதில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். இதையாவது கிழித்துப் போடாமல் படி.

சனிக்கிழமை காலை என் காரின் டிக்கிக் கதவு பிய்ந்து விழுந்தது. எந்த இடம் என்று நீ கேட்க வேண்டியதில்லை. வலது கீல் மூலை. "கார் போனாலும் போகும், இந்த இடம் போகாது" என்று சொல்லி, கையால் இரண்டு தட்டு தட்டிக் காட்டி அனுப்பினாயே, அதே மூலை.

பள்ளிக்கூடத்துக்குத் தைத்த சட்டைகளைக் கொடுக்க என் மனைவியும் என்னோடு வந்திருந்தாள். டிக்கியைத் திறந்து முதல் மூட்டையை நான் தூக்கிக்கொண்டு போனேன். இரண்டாவதை இழுக்க அவள் குனிந்திருக்கிறாள். மூலை காகிதம் மாதிரி கிழிந்தது. கதவைத் தாங்க வேண்டிய தண்டுகள் அதைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டன. கண்ணாடியோடு முழுக் கதவும் அவள் வலது மணிக்கட்டின் மேல் இறங்கியது. நான் பள்ளிக்கூட வாசலில் இருந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினபோது அவள் அழக்கூட இல்லை, கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு இடத்தில் முறிவு. ஆபரேஷன் செய்து உள்ளே தகடு வைத்து ஆறு திருகு போட்டிருக்கிறார்கள். அந்த டாக்டராவது ஒழுங்காக வைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

மூன்று மாதம் ஊசி பிடிக்கக் கூடாதாம். ஒப்புக்கொண்டது இருநூற்று நாற்பது சட்டை. பாதிதான் கொடுத்திருக்கிறாள்.

பெரிய கைகாரி என்று ஊரெல்லாம் உன்னிடம் வண்டி கொண்டுவருகிறது. நீ ஒட்டிய இடம் தம்பி வீட்டில்தான் பிய்ந்துபோக வேண்டுமா? சந்தோஷமாக இரு.

தம்பி


மார்ச் 8

தம்பி,

முதலில் அவள் கை. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட முடிகிறதா? விரல் நுனியில் உணர்ச்சி இருக்கிறதா? ஒரே வரியில் எழுது. வேறு எது எழுதாவிட்டாலும் அதை எழுது.

இனி உன் கடிதம்.

"ஒட்டிய இடம்" என்று எழுத உனக்குக் கை கூசவில்லை. நான் கிழிந்த நோட்டுப் புத்தகம் ஒட்டுகிறவள் இல்லை. அன்று நீ கொண்டுவந்த கதவில் கீல் போல்ட்டிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. அலுமினியம் ஒரே நாளில் உடைவதில்லை. ஆயிரம் தடவை திறந்து, ஆயிரம் தடவை சாத்தி, ஒவ்வொரு குழியிலும் ஆடி ஆடி, ஒரு நாள் அந்த இடம் சோர்ந்து போகும். மயிரிழையாகத் தொடங்கும். விரிசலின் நுனியில் ஓட்டை போட்டு அதை நிறுத்தினேன். ஆர்கான் வெல்டிங் வைத்தேன். வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகம் மெத்தென்று ஆகிவிடும் என்பதால் உள்பக்கம் அலுமினியத் தகடு வைத்து, பசை போட்டு, பதினெட்டு ரிவெட் அடித்தேன். தகட்டின் விளிம்பைச் சீவிச் சரித்தேன், பாரம் ஒரே கோட்டில் வந்து நிற்கக் கூடாது என்று. "தகடு வச்சா உள்பக்க அட்டை மூடாது, தகடெல்லாம் வேண்டாம், பட்டி பார்த்துப் பெயின்ட் அடிச்சா போதும்" என்று சொன்னது யார்? என் தலைக்கு மேல் நின்று கடிகாரம் பார்த்தது யார்?

என்னால் போனது என்று இப்போது என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இல்லை என்றும் சொல்லமாட்டேன். உடைந்த உலோகத்தின் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறவன்தான் முட்டாள்.

அந்தக் கதவில் எதையாவது தொங்கவிட்டாயா? உண்மையைச் சொல்.

கதவைத் தூக்கி எறியாதே. யாரையும் தொடவிடாதே. கிழிந்த மூலையை ஒரு சாண் விட்டு ரம்பத்தால் அறுத்து எனக்கு அனுப்பு. உடைந்த ஓரத்தைத் துடைக்காதே, தேய்க்காதே, இரண்டையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்காதே. உனக்குக் கை சும்மா இருக்காது, அதனால்தான் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 13

அக்கா,

தொடுகிறது. கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொடுகிறது. மோதிர விரல் மட்டும் மரத்திருக்கிறது.

கதவில் நான் எதையும் தொங்கவிடவில்லை. ஒரு துணிப்பைகூட இல்லை. நீ செய்த வேலையில் குறை வந்தால் உடனே மற்றவன் என்ன செய்தான் என்று தேடுவாய். கார்க்காரன் தப்பு, ரோடு தப்பு, உலோகம் சோர்ந்துபோச்சு. நீ மட்டும் சோர்ந்து போகவே மாட்டாய்.

எங்கள் தெரு முனையில் ஒரு டிங்கர் இருக்கிறார். கதவைக் காட்டினேன். தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு பண்ணது? வேலை சுத்தம்தான். ஆனா அலுமினியத்துக்கு அலுமினியம் வச்சா எங்கே தாங்கும்? ரெண்டு இரும்புத் தகடு வச்சு அடிச்சுத் தரேன், உங்களுக்கு வயசானப்புறமும் நிக்கும்" என்றார். கொடுத்துவிட்டேன். எனக்கு வண்டி ஓடினால்தான் பிழைப்பு. உன் பரிசோதனைக்கெல்லாம் துண்டு வெட்டி அனுப்ப எனக்கு நேரமில்லை.

கடிகாரம் பார்த்தேன் என்கிறாய். ஏன் பார்த்தேன்? பட்டறைக்குள் நீ என்னை ஒரு நிமிஷம் உட்கார் என்று சொல்லவில்லை. காரிலிருந்து இறங்கிய அவளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் உன் பட்டறையில் வந்து சேருவதாகச் சொன்னது உண்மை. வர முடியாது என்று அன்று நேரில் வந்து சொன்னதும் உண்மை. போனில் சொல்லாமல் நேரில் வந்தேனே, அதற்காவது ஒரு மரியாதை உண்டா? அவளுக்கு உன் ஊர் ஒத்துவராது என்று எவ்வளவு பொறுமையாகச் சொன்னேன். நீ முகமூடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெல்டிங் வைக்கப் போய்விட்டாய். அதற்குப் பிறகு உன் முகத்தையே நான் பார்க்கவில்லை.

இவ்வளவு நடந்திருக்கிறது, அவளை ஒரு எட்டு வந்து பார்க்க உனக்குத் தோன்றியதா? துண்டை அனுப்பு, துண்டை அனுப்பு என்கிறாய்.

தம்பி


மார்ச் 17

தம்பி,

நேற்று மத்தியானம் உன் மனைவி போன் செய்தாள். உன் எண்ணைத்தான் நான் எடுப்பதில்லை. அவள் எண்ணை எடுத்தேன்.

இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "அண்ணி, அந்த சைக்கிள் ஸ்டாண்டைப் பத்தி அவர் எழுதினாரா?"

அவளே சொன்னாள். ஆகஸ்ட்டிலிருந்து டிக்கிக் கதவில் கொக்கி மாட்டி இரண்டு சைக்கிள் தொங்கவிட்டு, ஏரிக்கரைக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களை ஏற்றிச் சவாரி அடித்திருக்கிறாய். ஏழு மாதம். வாரத்தில் நான்கு நாள். ஸ்டாண்டோடு சேர்த்து முப்பத்தைந்து கிலோ. இதைத்தான் ஒரு துணிப்பைகூட இல்லை என்று எழுதினாயா? அந்தத் துணிப்பைக்குப் பெடல் இருந்ததா?

விபத்து நடந்த அன்றே ஸ்டாண்டைக் கழற்றி மாடிப்படிக்குக் கீழே மறைத்துவைத்தாயாமே. அவள் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடக்க, நீ ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தாயா? யாரிடமிருந்து மறைத்தாய்? நான் இருநூறு மைல் தள்ளி இருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டேன். எங்கள் ஊர் ஒத்துவராது என்று நீ சொன்னாயாமே என்று அவளிடமே. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எங்கே அப்படிச் சொன்னேன் அண்ணி? துணி எங்கே இருந்தாலும் தைக்கலாம், போலாம்னுதான் சொன்னேன். அவர்தான் நீங்க வேற ஆளை எடுத்துட்டீங்கன்னு சொன்னாரு" என்றாள்.

நான் வேறு ஆளை எடுத்தேனா? உன் பேச்சை நம்பி வடக்குப் பக்கம் முழுதும் காலி செய்தேன். பழைய பெஞ்சைத் தூக்கிக் கொடுத்துவிட்டு உன் உயரத்துக்குப் புதுப் பெஞ்சு அடித்தேன். இன்றுவரை அதில் யாரும் நின்று வேலை செய்யவில்லை. பெயின்ட் டப்பா அடுக்கிவைத்திருக்கிறேன்.

என்னிடம் அவள் பேரில் பொய். அவளிடம் என் பேரில் பொய். நடுவில் நீ நல்லவன். ஒரு வருஷமாக நான் அந்தப் பெண்ணை மனதுக்குள் கரித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பாவத்தையும் நீதான் எனக்கு வாங்கிக் கொடுத்தாய்.

அந்த டிங்கரிடம் ஓடு. இந்தக் கடிதத்தை மடிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடு. அலுமினியத்தின் மேல் இரும்பை வைத்து அடித்தால், மழை ஈரம் பட்டதும் இரண்டுக்கும் நடுவில் வெள்ளையாகப் பொடி பூக்கும், அலுமினியம் உள்ளேயே அரித்துப்போகும். ஒரு வருஷத்தில் கதவு மறுபடி விழும். இந்த முறை மணிக்கட்டாக இருக்காது. குனிந்தால் அங்கே என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்.

துண்டு எனக்கு வர வேண்டும். வராவிட்டால் நானே ரம்பத்தோடு வருவேன்.

அக்கா


மார்ச் 22

அக்கா,

கதவை வாங்கிவந்துவிட்டேன். டிங்கர் ஓரத்தில் நான்கு ஓட்டை போட்டிருந்தார், மூலையைத் தொடவில்லை. அறுத்து, துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். துடைக்கவில்லை. பொருத்திப் பார்க்கவில்லை. ஆமாம், கை பரபரத்தது.

சைக்கிள் ஸ்டாண்டு மாட்டினேன். மாட்டவில்லை என்று எழுதினேன். பொய்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது எனக்குள் ஒரே நினைப்பு, இது என்னால் ஆனதாக இருக்கக் கூடாது என்று. உன்னால் ஆனது என்றால் எனக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைக்கும். அதனால் வீட்டுக்கு வந்து ஸ்டாண்டைக் கழற்றினேன். போதுமா? உனக்கு இனி ஆயுசுக்கும் பேசப் பொருள் கிடைத்துவிட்டது.

ஏன் பட்டறைக்கு வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ கேட்கமாட்டாய், உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். தெரியாது.

இருபது வயதில் உன்னிடம் ஒரு மாதம் வேலை பார்த்தேன், ஞாபகம் இருக்கிறதா? நான் நாளெல்லாம் அடித்த ரிவெட்டுகளை, நான் வீட்டுக்குப் போன பிறகு ஒவ்வொன்றாகத் துளைத்தெடுத்துவிட்டு நீ திரும்ப அடிப்பாய். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குப்பைத் தொட்டியில் தலை போன ரிவெட்டுகள் கிடப்பதை மறுநாள் காலை நானே பார்த்தேன். எண்ணினேன். முப்பத்திரண்டு. முந்தின நாள் நான் அடித்ததும் முப்பத்திரண்டு. ஒன்றுகூடவா தேறவில்லை?

நாற்பது வயதை நெருங்கிக்கொண்டு மறுபடி அந்தக் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லவும் தைரியம் வரவில்லை. அவளைச் சொன்னால் நீ அவளிடம் போய்ச் சண்டை போடமாட்டாய் என்று தெரியும். அதனால் அவள் பேரைச் சொன்னேன். கேவலம்தான். முந்தாநாள் அவளிடம் ஒப்புக்கொண்டேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை இடது கையால் தட்டில் போட்டுவிட்டுப் போய்விடுகிறாள்.

நீயும் இனி பேச வேண்டாம். துண்டைப் பார்த்துவிட்டு, "உன் சைக்கிள்தான்" என்று இரண்டு வார்த்தை எழுதி அனுப்பு. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்கிறேன்.

தம்பி


மார்ச் 29

தம்பி,

பெட்டி வந்தது. மூன்று நாள் ஆகிறது. உடனே எழுதவில்லை. எழுத முடியவில்லை.

திறக்கும்போது எனக்கு எவ்வளவு உற்சாகம் தெரியுமா? உன் சைக்கிள்களைப் பிடிக்கப் போகிறேன் என்று. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். விரிசல் மெதுவாக வளர்ந்த இடம் மழமழவென்று இருக்கும், அலை ஒதுங்கிய மணலில் கோடு கோடாகத் தெரிவதுபோல. கடைசியில் ஒரே இழுப்பில் கிழிந்த இடம் சொரசொரவென்று பளபளக்கும். கோடுகளைப் பின்பக்கமாக எண்ணிக்கொண்டே போனால் தொடங்கிய இடம் கிடைத்துவிடும்.

போனேன். என் வெல்டிங் நன்றாக இருக்கிறது. விரிசலை நிறுத்த நான் போட்ட ஓட்டையும் இருக்கிறது. அந்த ஓட்டைக்கு அந்தப் பக்கம், நாலு மில்லிமீட்டர் நீளத்துக்கு, உடைந்த முகத்தில் நீலமாக ஒரு நூல் தெரிந்தது. சாயமோ என்று நகத்தால் சுரண்டினேன். என் பசை. தகடு வைக்க நான் போடுகிற பசை.

உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். பசை உள்ளே போயிருந்தால், நான் பசை போட்ட அன்றே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த நுனியில் ஓட்டை போட்டேன். உண்மையான நுனி அதற்கு அப்பால் இருந்தது. விரிசலை நான் நிறுத்தவே இல்லை. அதன் மேல் தகட்டை வைத்து மூடி, பெயின்ட் அடித்து, இரண்டு தட்டு தட்டி, உன் மனைவியை அந்தக் காரில் உட்காரவைத்து அனுப்பினேன்.

அதைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவினால் மயிரிழைகூடச் சிவப்புக் கோடாக வெளியே வந்துவிடும். அரை மணி நேர வேலை. எந்த வண்டிக்கும் அதைச் செய்யாமல் நான் ட்ரில்லைத் தொட்டதில்லை. அன்றைக்குச் செய்யவில்லை. நீ வரமாட்டேன் என்று சொன்ன நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். இவன் என் பட்டறையை விட்டுப் போக வேண்டும். சீக்கிரம் போக வேண்டும். முகமூடிக்குள் அழுதுகொண்டு வெல்டிங் வைத்தேன். நீ கடிகாரம் பார்த்ததாகக் குற்றம் சொன்னேன். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த மாதம் செய்த மற்ற இரண்டு வண்டிகளையும் வரச்சொல்லித் தகட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். இரண்டும் சரியாக இருக்கின்றன. உன்னுடையது மட்டும்தான்.

சைக்கிள்கள் சும்மா இல்லை. நடுவிலிருந்து கோடுகள் அகலமாகின்றன, அது ஆகஸ்ட். நீ தொங்கவிடாமல் இருந்தால் இன்னும் மூன்று நான்கு வருஷம் போயிருக்கும். ஆனால் கட்டாயம் விழுந்திருக்கும். உன் பொய் உன்னுடையது, அதை நான் மன்னிக்கவில்லை. விரிசல் என்னுடையது.

ரிவெட் விஷயம். ஆமாம், பிடுங்கினேன். முப்பத்திரண்டில் ஏழெட்டுதான் மோசம். மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் எல்லாவற்றையும் பிடுங்கினேன். ஏன் என்று இன்றைக்கு வரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ எண்ணிப் பார்த்திருப்பாய் என்று நான் நினைக்கவே இல்லை.

வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கட்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பத்தரைக்கு வந்து சேரும். புதுக் கதவு ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன், வர ஒரு மாதம் ஆகும். அதுவரை அந்தக் காரை யாரும் எடுக்கக் கூடாது. நடந்ததை அவளிடம் நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. அவள் என்னை உள்ளே விடாவிட்டால் வாசலிலேயே சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

முந்திக்கொண்டுவிட்டேன். கடிதம் வந்தபோது அவள்தான் கதவைத் திறந்தாள். படித்துக் காட்டு என்றாள். பத்து நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எப்படி மாட்டேன் என்பது? உன்னுடையதைப் படித்தேன். பிறகு நான் உனக்கு என்னென்ன எழுதினேன் என்பதையும் சொன்னேன், துணிப்பை உட்பட.

அப்புறம் கேட்டாள்: "அப்போ ரெண்டு பேரும் சேர்ந்துதான் என் கையை உடைச்சிருக்கீங்க. அவங்க கோவத்துல பார்க்காம விட்டாங்க. நீங்க பயத்துல சொல்லாம விட்டீங்க. நடுவுல நான் போய் குனிஞ்சேன். அப்படித்தானே?"

அப்படித்தான் என்றேன்.

"வரட்டும் அண்ணி. அழுறதுக்கும் மன்னிப்புக் கேக்கறதுக்கும் வர வேணாம். நூத்தி இருபது சட்டையையும் பக்கத்து வீட்டுல மெஷின்ல ஓட்டிக் குடுத்துட்டாங்க, பொத்தான்தான் பாக்கி. ரெண்டு பேரும் என் முன்னாடி உட்கார்ந்து வைங்க. ஒவ்வொண்ணா இழுத்துப் பார்ப்பேன். சரியில்லாத பொத்தானை மட்டும்தான் பிடுங்குவேன்" என்றாள்.

நேற்று ஒரு சட்டையில் முயற்சி செய்தேன். ஏழு பொத்தானில் ஐந்தைப் பிடுங்கிவிட்டாள். இரண்டு தேறியது.

எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. உனக்கும் போயிருக்காது. பத்தரைக்கு பஸ் நிலையத்தில் நிற்கிறேன். நடந்துதான் போக வேண்டும், காரை எடுக்கவில்லை. வழியில் ஒன்றும் பேச வேண்டாம். பையை மட்டும் என்னிடம் கொடுத்துவிடு.

தம்பி